மூட்டில்தான் வாதம், படியேறினால் மூச்சு வாங்குவது ஏன்?

முடக்குவாதம் உள்ளவர்களிடம், அதிலும் பெண்களிடம், காரைக்குடி தேவகோட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கிற குறை ஒன்று உண்டு. கைவிரல் வீக்கம் மருந்தில் அடங்கிவிட்டது, முட்டி முன்னைப்போல் மோசமில்லை, ஆனால் மாடிக்கு ஏறினால் பாதிப் படியில் நின்றுவிட வேண்டியிருக்கிறது. மருத்துவரிடம் போனால் நெஞ்சு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு ஆச்சி, வயசாகுதுல்ல" என்கிறார். வந்தவருக்கு வயது 45. சோதனை எல்லாம் சரி, மூச்சு மட்டும் வாங்குகிறது என்றால் நோயாளிக்கும் வீட்டாருக்கும் குழப்பம்தான் மிச்சம். சில வீடுகளில் "சும்மா சொல்றா" என்ற பேச்சு வரைக்கும் போய்விடும்.

அந்தச் சோதனைகள் பொய் சொல்லவில்லை. அவை பார்க்காத ஒன்று இருக்கிறது: மூச்சை இழுக்கிற தசைகள். முடக்குவாதம் அந்தத் தசைகளையும் தொடும். அதை அளக்க முடியும், ஓரளவு திரும்பப் பலப்படுத்தவும் முடியும். ஆனால் மூச்சு வாங்குகிற எல்லாவற்றையும் தசையின் தலையில் கட்டுவதும் ஆபத்து, அதையும் கீழே சொல்கிறேன்.

## நோய் மூட்டோடு நிற்பதில்லை

இங்கே முடக்குவாதம் என்று சொல்வது ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸை. வயதாகி முட்டி தேய்வது வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, மூட்டுகளின் உள்சவ்வைத் தானே தாக்குகிற நோய் இது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கு வருகிறது, பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம், பெரும்பாலும் 30 முதல் 60 வயதுக்குள் தொடங்குகிறது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலே, விரல்கள் மடங்காமல் விறைத்திருப்பது இதன் அடையாளம்.

மூட்டில் நடக்கிற அழற்சியில் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற புரதங்கள் ஏராளமாகச் சுரக்கின்றன. இவை மூட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை, ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. அதனால்தான் இந்த நோயில் கண், நுரையீரல், ரத்தக்குழாய், இதயம் என்று பல இடங்களில் பாதிப்பு வருகிறது. இதய நோய் வரும் அபாயம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பது இப்போது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. இந்தப் பட்டியலில் தசையை மட்டும் நாம் சேர்த்துப் பேசுவதே இல்லை.

## மூச்சை இழுப்பது யார்?

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. அது காற்றுப் பை, அவ்வளவுதான். அதை விரிக்கிற வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடைபோல் வளைந்திருக்கிற இந்தத் தசை சுருங்கிக் கீழே இறங்கும்போதுதான் காற்று உள்ளே வருகிறது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் கூண்டை மேலே தூக்குகின்றன. வேகமாக நடக்கும்போது, படியேறும்போது கழுத்துத் தசைகளும் கைகொடுக்கும். மூச்சை வேகமாக வெளியே தள்ளவும் இருமவும் வயிற்றுத் தசைகள் வேண்டும்.

கொல்லன் துருத்தியில் தோல் கிழியாமல் இருந்தும் இழுக்கிற கை ஓய்ந்துபோனால் காற்று வராது. எக்ஸ்ரே பார்ப்பது தோலை மட்டும்.

இனி ஒரு கணக்கு, இது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சு இழுக்கத் தேவைப்படும் அழுத்தம் மிகக் குறைவு, ஏறத்தாழ 5 முதல் 10 சென்டிமீட்டர் நீரழுத்தம் (மூச்சின் அழுத்தத்தை அளக்கிற அலகு இது). ஆரோக்கியமான ஒருவர் முழு பலத்தோடு இழுத்தால் 80, 100 என்று போவார். ஆக, ஓய்வில் நாம் செலவழிப்பது கையிருப்பில் பத்தில் ஒரு பங்குதான். இப்போது ஒருவருடைய உச்ச பலம் 40-ஆகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது, டாக்டர் அறையில் நாற்காலியில் இருக்கும்போதும் தெரியாது. ஆனால் படியேறும்போது மூச்சு ஒவ்வொன்றுக்கும் 20 தேவைப்பட்டால், உச்சத்தில் பாதி ஒவ்வொரு மூச்சிலும் போகிறது. உதரவிதானம் தன் உச்ச பலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து உழைத்தால் சீக்கிரம் களைத்துவிடும் என்பதை ரூசோஸ், மக்லெம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977-லேயே காட்டினார்கள். படியில் வருகிற "இனி முடியாது" என்ற உணர்வுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

## தசை பலம் எப்படிக் குறைகிறது?

ஒரே காரணம் இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே வரும்.

1. அழற்சி நேரடியாகத் தசையைத் தின்கிறது. முன்பு சொன்ன புரதங்கள் தசைப் புரதத்தின் சிதைவைக் கூட்டுகின்றன. இதில் ஏமாற்றுகிற விஷயம், எடை குறையாது. தசை கரைந்த இடத்தில் கொழுப்பு ஏறிவிடுவதால் தராசில் அதே 62 கிலோ காட்டும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

2. ஸ்டீராய்டு. பிரெட்னிசலோன் போன்ற மாத்திரைகள் வலியை மளமளவென்று இறக்கும், தேவையான நேரத்தில் அவை உயிர்காக்கும் மருந்துதான். ஆனால் அதிக அளவில், நீண்ட நாள் எடுத்தால் இடுப்பு, தொடை, தோள் தசைகளைத் தளர்த்தும், மூச்சுத் தசைகளையும் விடாது. மருத்துவர் எழுதித் தருகிற ஸ்டீராய்டுக்கு அளவு உண்டு, குறைக்கிற திட்டம் உண்டு. பேர் ஊர் இல்லாமல் பொட்டலத்தில் விற்கிற "வாதப் பொடி"க்கு இரண்டும் கிடையாது. அப்படிப்பட்ட பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிற பொடி என்றால் அதைச் சந்தேகப்படுங்கள். அதற்காக மாதக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டு அதற்குள் படுத்துப்போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

3. உழைப்பு இல்லாமை. இதை நான் முதல் குற்றவாளி என்றே சொல்வேன். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முட்டி வலிக்கிறது என்று முதலில் மாடியைப் பூட்டுவார்கள். அப்புறம் பின்கட்டுக்குப் போவது குறையும். பிறகு கட்டில், டிவி, சாப்பாட்டு மேசை எல்லாம் ஒரே கட்டுக்கு வந்துவிடும். கடைசியில் "மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் "இல்லையே" என்பார்கள், உண்மையும் அதுதான், மூச்சு வாங்குகிற எந்த வேலையையும் அவர்கள் செய்வதே இல்லை. அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: போன வருஷம் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள்? மருத்துவர் கேட்காவிட்டால் வீட்டில் இருப்பவர்களாவது கேட்கலாம்.

4. விலாக்கூண்டு இறுகுவது. ஒவ்வொரு விலா எலும்பும் முதுகெலும்போடு சேரும் இடத்தில் சின்ன மூட்டுகள் உண்டு. கைவிரல் மூட்டைப்போலவே இவற்றுக்கும் உள்சவ்வு இருக்கிறது, ஆகவே நோய் இங்கும் வரலாம். கூண்டு அசையாமல் போனால் அதே அளவு மூச்சுக்குத் தசை கூடுதலாக உழைக்க வேண்டும். எலும்பு மெலிந்து முதுகு கூன் விழுந்தவர்களுக்கும் இதே கதி.

5. கழுத்து. அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். உதரவிதானத்துக்குப் போகிற நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் எலும்புப் பகுதியிலிருந்து புறப்படுகிறது. நீண்டகால முடக்குவாதத்தில் கழுத்து எலும்புகள் இடம் நழுவித் தண்டுவடத்தை அழுத்தினால் கைகால் பலமும் மூச்சும் சேர்ந்து பாதிக்கப்படலாம். கழுத்து வலியோடு கை மரத்துப்போனால், நடை தள்ளாடினால், அதைச் சாதாரணக் கழுத்துப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொல்லாதீர்கள்.

## பலம் குறைந்தால் நடையில் என்ன ஆகிறது?

தளர்ந்த தசை ஆழமாக இழுக்க மறுக்கும். ஆகவே உடம்பு குறுக்குவழி தேடுகிறது: சின்னச் சின்ன மூச்சாக, வேகமாக. கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லி காற்று மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றிலேயே நின்றுவிடும், ரத்தத்தோடு சேராது. இதற்கு வெற்றிடம் என்று பெயர்.

நிமிடத்துக்கு 12 முறை, ஒவ்வொன்றும் 500 மில்லி என்றால் மொத்தம் 6 லிட்டர். வெற்றிடத்தைக் கழித்தால் மூச்சுக்கு 350 மில்லி வீதம் 4.2 லிட்டர் பயன்படுகிறது. அதே 6 லிட்டரை 24 முறை, 250 மில்லியாக இழுத்தால்? மூச்சுக்கு 100 மில்லிதான் மிஞ்சும், நிமிடத்துக்கு 2.4 லிட்டர். உழைப்பு குறையவில்லை, வரவு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட மூச்சு இன்னும் வேகமாகும், தசை இன்னும் களைக்கும், அந்தச் சுழல் அப்படியே போகும்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மூச்சுத் தசை களைத்தால் கால் சோர்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1990-களில் சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், உச்ச வேகத்தில் மூச்சு வேலையைக் கூட்டியபோது காலுக்குப் போகிற ரத்தம் குறைந்தது. மூச்சு வேலையை இயந்திரம் வைத்துக் குறைத்தபோது காலுக்கு ரத்தம் கூடியது. நெருக்கடி வந்தால் உடம்பு காலை விட்டுவிட்டு மூச்சைக் காப்பாற்றப் பார்க்கிறது. இதயம் பலவீனமானவர்களில் மூச்சுத் தசையும் தளர்ந்திருந்தால் இது மிகக் குறைந்த வேலையிலேயே நடப்பதையும் பிறகு காட்டியிருக்கிறார்கள். முடக்குவாதத்தில் "கால் கனத்துப் போகுது" என்று சொல்கிறவர்களில் சிலருக்கேனும் சிக்கல் காலில் இல்லாமல் இருக்கலாம் என்று நினைக்க இது போதுமான காரணம்.

முடக்குவாத நோயாளிகளை நேரடியாக அளந்த ஆய்வுகளும் உண்டு. துருக்கியில் செய்து 2001-இல் வெளியான ஒன்றில், நோயாளிகளின் மூச்சுத் தசை பலமும் தாக்குப்பிடிக்கும் திறனும், உடற்பயிற்சியில் உடம்பு எடுத்துக்கொள்ளும் உச்ச ஆக்சிஜன் அளவும் ஆரோக்கியமானவர்களைவிடக் குறைவாக இருந்தன. இவை சின்ன ஆய்வுகள், பெரிய எண்ணிக்கையில் செய்தவை இல்லை. ஆனால் சொல்கிற திசை ஒன்றுதான்.

## வழக்கமான சோதனையில் ஏன் தெரிவதில்லை?

எக்ஸ்ரே படம் பிடிக்கும், பலத்தை அளக்காது. ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜனைக் காட்டும், அதைக் கொண்டுவர எவ்வளவு பாடுபட்டோம் என்பதைக் காட்டாது. ஊதுகிற சோதனையான ஸ்பைரோமெட்ரி கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் தசை பலம் கணிசமாக இறங்கிய பிறகுதான் அதில் கொள்ளளவு குறையத் தொடங்கும். லேசான, நடுத்தரமான பலவீனம் அதில் நழுவிப் போய்விடும். படுத்துக்கொண்டு ஊதும்போது உட்கார்ந்து ஊதியதைவிட அளவு பெரிதாக விழுந்தால் உதரவிதானத்தைச் சந்தேகிக்கலாம்.

நேரடியாக அளப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது: உச்ச உள்மூச்சு அழுத்தம், சுருக்கமாக எம்.ஐ.பி. மூக்கில் கிளிப் போட்டு, வாயில் குழாயைக் கவ்வி, மூச்சு முழுவதையும் வெளியே விட்டுவிட்டு, அடைத்த குழாயில் முடிந்த மட்டும் இழுக்க வேண்டும். ஒரு விநாடிக்கு மேல் தாக்குப்பிடிக்கிற அழுத்தத்தைக் கணக்கில் எடுப்பார்கள், பலமுறை செய்து அதில் சிறந்ததைக் குறிப்பார்கள். ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 70 சென்டிமீட்டர் நீரழுத்தத்தைத் தாண்டினால் கவலைப்படும்படியான பலவீனம் இல்லை என்பது பொதுவான கைக்கணக்கு. வயது ஏற ஏற அளவு இயல்பாகவே இறங்கும், ஆகவே 70 வயதுக்காரர் 60 எடுத்தால் பதறக் கூடாது. வெளிமூச்சுக்கும் இதேபோல் எம்.இ.பி. என்று ஒன்று உண்டு, இருமல் பலம் அதில் தெரியும்.

முடக்குவாதத்தில் இந்தச் சோதனைக்கு ஒரு பொறி இருக்கிறது. தாடை மூட்டிலும் நோய் வரும். வாய் சரியாகத் திறக்காவிட்டால், உதடு குழாயை இறுக்கிக் கவ்வாவிட்டால் காற்று கசிந்து எண் பொய்யாகக் குறையும். அப்படிப்பட்டவர்களுக்கு மூக்கால் சுருக்கென்று உறிஞ்சி அளக்கிற முறை உண்டு. சோதனை செய்கிறவரிடம் "எனக்குத் தாடை வலி இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தக் கருவி எல்லா ஊரிலும் இருக்காது. மதுரை, திருச்சி போன்ற இடங்களில் நுரையீரல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் முன்பே போன் செய்து கேட்டுவிட்டுப் போவது அலைச்சலைக் குறைக்கும்.

## ஆறு நிமிட நடை

உழைப்புத் திறனை அளக்க மிக எளிய சோதனை இது. 30 மீட்டர் சமதளத்தில் ஆறு நிமிடம், முடிந்த வேகத்தில் போய்த் திரும்பி நடக்க வேண்டும். ஆரோக்கியமானவர்கள் 400 முதல் 700 மீட்டர் வரை போவார்கள். சிகிச்சைக்குப் பிறகு ஏறத்தாழ 30 மீட்டர் கூடினால் அது நோயாளிக்கே உணரும்படியான முன்னேற்றம் என்று நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் கணக்கு வைத்திருக்கின்றன.

முதல் சோதனையை மருத்துவமனையில் செய்துகொண்டால், பிறகு வீட்டிலேயே மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நம் ஊர் வீடு நீளத்துக்குக் குறைவில்லை என்றாலும் கட்டுக்குக் கட்டு நிலைப்படி தாண்ட வேண்டும், அது சமதளக் கணக்குக்கு ஆகாது, தடுக்கி விழவும் வாய்ப்பு. வண்டி வராத தெரு, ஊருணிக் கரை, கோயில் பிரகாரம் என்று ஒரே மட்டமான இடமாகப் பாருங்கள்.

தூரத்தை மட்டும் எழுதிவைத்தால் போதாது. பலருக்கு நடையை நிறுத்துவது மூச்சு இல்லை, உள்ளங்கால் மூட்டு. ஆகவே முடிந்ததும் இரண்டு மதிப்பெண் போடுங்கள்: மூச்சுத் திணறல் பத்துக்கு எத்தனை, கால் வலி பத்துக்கு எத்தனை. மூச்சு 7, கால் 2 என்றால் ஒரு கதை, மூச்சு 2, கால் 8 என்றால் வேறு கதை, இரண்டுக்கும் சிகிச்சை வேறு. நடக்கும்போது ஆக்சிமீட்டரில் அளவு 4 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால் தசையை விட்டுவிட்டு நுரையீரலைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் தசைத் தளர்ச்சியில் அது சாதாரணமாக இறங்காது.

## தசைதான் என்று முடிவுகட்டும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். மூச்சு வாங்குவதற்குத் தசையைவிடத் தீவிரமான காரணங்கள் இந்த நோயில் உண்டு.

1. நுரையீரல் திசு தடிப்பது. முடக்குவாதக்காரர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வெளியே தெரியும் அளவுக்கு இது வருகிறது, புகைப்பவர்களுக்கு அதிகம். வறட்டு இருமல், நடந்தால் ஆக்சிஜன் இறங்குவது, விரல் நுனி உருண்டு தடிப்பது அறிகுறிகள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், நுண் சி.டி. ஸ்கேனில்தான் தெரியும்.

2. முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தருகிற மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எடுப்பவருக்குச் சில நாட்களுக்குள் காய்ச்சலும் வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனை. மருந்தால் வருகிற நுரையீரல் அழற்சி அபூர்வம், ஆனால் காத்திருக்காது.

3. ரத்தசோகை. நீண்ட அழற்சியில் ஹீமோகுளோபின் இறங்கும், வலி மாத்திரையால் வயிற்றில் கசிவு இருந்தால் இன்னும் இறங்கும். மலிவான ரத்தப் பரிசோதனை, முதலில் இதைப் பாருங்கள்.

4. இதயம். படியேறும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது.

5. காசநோய். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசிகள் எடுப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை தள்ளிப்போடக் கூடாதது.

6. குரல்வளை மூட்டு. அங்கும் மூட்டு இருக்கிறது. குரல் கம்மி, மூச்சு இழுக்கும்போது சீட்டி போன்ற சத்தம் வந்தால் அது அவசரம்.

பணியாரமும் பலகாரமும் பல வருஷம் விறகடுப்பில் போட்டவர்களுக்குப் புகையால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம், அது ஸ்பைரோமெட்ரியில் தெரிந்துவிடும். இவை எல்லாம் இல்லை என்று ஆன பிறகு, அல்லது இருந்தும் மூச்சு வாங்குவதை முழுதாக விளக்க முடியாதபோது, தசைக்கு வரலாம்.

## பலத்தைத் திரும்பக் கொண்டுவருவது

முதல் வேலை நோயை அடக்குவது. மூட்டு சூடாக, வீங்கியபடியே இருக்கும்போது தசையை மட்டும் வளர்க்கப் பார்ப்பது வீண்பாடு. மருந்தை ஒழுங்காக எடுப்பதும் ஸ்டீராய்டை மருத்துவர் சொல்படி மெதுவாகக் குறைப்பதும் தசைக்கான சிகிச்சையிலும் சேர்த்தி. சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு, பயறு தினமும் இருக்கட்டும். கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கில்தான் துண்டு விழுகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளவும்.

அடுத்தது நடை. "நடந்தால் மூட்டு தேயும்" என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. நெதர்லாந்தில் ஏறத்தாழ 300 முடக்குவாத நோயாளிகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 75 நிமிடம், நன்றாக வேர்க்கும் அளவுக்குப் பயிற்சி. செயல்திறன் கூடியது, பெரிய மூட்டுகளில் சேதம் பொதுவாகக் கூடவில்லை. ஏற்கெனவே இடுப்பு, முட்டி, தோள் மோசமாகச் சேதமானவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை என்றார்கள். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் 2018 பரிந்துரையும் உடற்பயிற்சியைச் சிகிச்சையின் அங்கமாகவே சொல்கிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்ற பொது இலக்கு இவர்களுக்கும் பொருந்தும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் மூட்டு வலி கூடுதலாக இருந்தால் அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு எழுந்து நடங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்காரருக்கு அது சரி. காலை விறைப்பு உள்ளவருக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு, மூட்டு இளகியதும் வீட்டு வளவிலேயே நடக்கலாம், வெயில் காலத்தில் மாலை ஐந்தரைக்கு மேல் வெளியே போகலாம்.

மூன்றாவது, மூச்சுத் தசைக்கான தனிப் பயிற்சி. உள்ளே இழுக்கும்போது குறிப்பிட்ட அழுத்தத்தை எட்டினால்தான் திறக்கிற ஸ்பிரிங் வால்வு கொண்ட சின்னக் கைக்கருவி இதற்கு உண்டு. பொதுவான முறை இது:

1. எம்.ஐ.பி. எவ்வளவு என்று அளந்து, அதில் 30 சதவீதத்தில் தொடங்க வேண்டும். 60 எடுத்தவருக்கு 18.
2. ஒரு வேளைக்கு 30 மூச்சு, தினம் இரண்டு வேளை. இடையில் நின்று இளைப்பாறலாம்.
3. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பலத்தை மறுபடி அளந்து சுமையைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் பலன் நின்றுவிடும்.
4. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எம்.ஐ.பி.யும் ஆறு நிமிட நடையும் மறுபடி பார்க்க வேண்டும்.

நுரையீரல், இதய நோயாளிகளிடம் இந்தப் பயிற்சிக்குச் சான்று அதிகம், முடக்குவாதத்தில் குறைவு. ஆனால் இதில் எனக்குப் பிடித்த ஒன்று, முட்டி வீங்கிக் கிடக்கிற நாளிலும் இதைச் செய்யலாம், எந்தக் காலையும் ஊன்ற வேண்டியதில்லை. விரல் பிடிக்காதவர்கள் கருவியில் துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டால் பிடி கிடைக்கும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கோத்த வரலாறு, கிழிந்த செவிப்பறை, அண்மையில் அறுவை சிகிச்சை, இவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஆபரேஷன் சமயத்திலோ கொரோனா காலத்திலோ வாங்கின மூன்று பந்துக் கருவி பல வீடுகளில் அலமாரியில் இருக்கும். அது இந்த வேலைக்கு ஆகாது. பந்து மேலே போவது காற்றின் வேகத்தால், அதில் தசைக்குச் சுமை ஏறுவதில்லை. பலூன் ஊதுவது வெளிமூச்சு வேலை, உதரவிதானத்துக்கு அதில் பங்கு குறைவு. பிராணாயாமத்தில் மெதுவாக ஆழமாக இழுப்பது நல்லது, சின்ன வேக மூச்சுப் பழக்கத்தை மாற்றும், வெற்றிடக் கணக்கை நினைத்துப் பார்த்தால் அதன் லாபம் புரியும். ஆனால் பலம் கூட்டச் சுமை வேண்டும்.

## தைப்பூச நடை

தை பிறந்தால் பழனி பாதயாத்திரை போகிற ஊர் இது. வாதம் இருக்கிறது, போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நோய் அடங்கி, மேலே சொன்ன ஆபத்தான காரணங்கள் இல்லை என்று உறுதியாகி, புரட்டாசி ஐப்பசியிலிருந்தே நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிவந்தவர் போகலாம் என்றே நினைக்கிறேன், முழுத் தூரமும் நடந்தே ஆக வேண்டும் என்ற வைராக்கியம் இல்லாமல். ஆண்டு முழுக்க ஒரே கட்டுக்குள் இருந்துவிட்டு மார்கழிக் கடைசியில் முடிவெடுத்தவர், நடந்துபோகிற உறவினரைக் குன்றக்குடியில் வழியனுப்பிவிட்டு வண்டியில் பழனிக்குப் போகட்டும்.

போகிறவர்கள் வெயிலுக்கு முன் நடை தொடங்குகிற கூட்டத்தோடு சேர்ந்தால் விறைப்பு நேரத்தில் மாட்டிக்கொள்வார்கள், ஆகவே அரைமணி முன்னால் எழுந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள் எடுக்கிற மருந்து, அந்தக் கிழமை யாத்திரை நடுவில் வரும், மாத்திரையைப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் காய்ச்சல் வந்தால் மட்டும், அந்த வாரத்து மாத்திரையைப் போடும் முன் மருத்துவருக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளவும்.